சைக்கிளில் உலகை வென்ற மேஜர் டெய்லர்

1899ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ந் தேதி. கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரில் உலக சைக்கிள் சாம்பியன் போட்டி. ஒரு மைல் வேகப் பந்தயத்தின் கடைசிச் சுற்று. பாஸ்டன் நகரத்து வீரர் டாம் பட்லரை நூலிழையில் முந்திக்கொண்டு ஒரு கறுப்பு இளைஞர் எல்லைக் கோட்டைத் தாண்டினார். பாண்டு வாத்தியக்காரர்கள் அமெரிக்க தேசிய கீதம் வாசித்தார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

வென்றவருக்கு அப்போது வயது 20. பெயர் மார்ஷல் வால்டர் டெய்லர். உலகம் அவரை 'மேஜர் டெய்லர்' என்று அழைத்தது. குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சனுக்கு அடுத்தபடியாக உலக சாம்பியன் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பர் அவர். சைக்கிளில் அவரே முதல்வர்.

அன்னிய மண்ணில் அவருக்காகத் தேசிய கீதம் வாசித்தார்கள். ஆனால் சொந்த நாட்டில் பல ஊர்களில் அவருக்கு ஓட்டலில் சோறு கிடையாது. படுக்க அறை கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் நடத்திய போராட்டமே அவருடைய வாழ்க்கை.

வண்டிக்காரர் மகன்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் தலைநகர் இண்டியானாபொலிஸ். 1878ஆம் ஆண்டு நவம்பர் 26ந் தேதி, அந்த நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் டெய்லர் பிறந்தார். தந்தை கில்பர்ட், அடிமை முறையை ஒழிக்க நடந்த உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் பணியாற்றியவர். பிறகு சதர்டு என்ற பணக்கார வெள்ளையர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டினார்.

அந்த வீட்டில் டேனியல் என்ற பையன் இருந்தான். மார்ஷலுக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வண்டிக்காரர் மகனை அந்த வீட்டார் தங்கள் பிள்ளைக்குத் துணையாக வைத்துக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து விளையாடினார்கள். சேர்ந்து பாடம் படித்தார்கள். டேனியலிடம் என்ன இருந்ததோ, அது மார்ஷலுக்கும் கிடைத்தது. அப்படிக் கிடைத்த ஒரு சைக்கிள் அவன் தலையெழுத்தையே மாற்றியது.

ஆனால் அப்போதே ஒரு கசப்பும் சேர்ந்து வந்தது. நண்பர்களோடு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால், கறுப்பன் என்று மார்ஷலை மட்டும் உள்ளே விடமாட்டார்கள். மற்றப் பையன்கள் உள்ளே பயிற்சி செய்வதை மாடத்தில் நின்று பார்த்துவிட்டு வருவான். சில ஆண்டுகளில் அந்த வெள்ளையர் குடும்பம் சிகாகோவுக்குக் குடி பெயர்ந்தது. மகனைப் பிரிய மார்ஷலின் தாய்க்கு மனம் வரவில்லை. பெரிய வீட்டு வாழ்க்கை முடிந்தது. பையன் சைக்கிளில் செய்தித்தாள் போட்டுப் பிழைக்கத் தொடங்கினான்.

'மேஜர்' ஆன கதை

சைக்கிளில் பல வித்தைகளை அவன் தானாகவே பழகினான். இண்டியானாபொலிசில் ஹே அண்டு வில்லிட்ஸ் என்ற சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர்கள் அவன் வித்தையைப் பார்த்து வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். காலையில் கடை கூட்ட வேண்டும். மாலையில் கடை வாசலில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டும். அதற்காக ராணுவ உடை போன்ற ஒரு சட்டையை மாட்டிவிட்டார்கள். பார்த்தவர்கள் 'மேஜர்' என்று கூப்பிட்டார்கள். விளையாட்டாக வந்த பெயர் சாகும் வரை நிலைத்தது.

அந்தக் கடைக்காரர்கள் நடத்திய 10 மைல் பந்தயம் ஒன்றில் வேடிக்கைக்காக அவனையும் இறக்கிவிட்டார்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுவான் என்று நினைத்தார்கள். பையன் திரும்பவில்லை. பெரியவர்கள் எல்லோரையும் பின்னால் விட்டு முதலில் வந்து சேர்ந்தான்!

கண்டெடுத்த குரு

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் கரைபுரண்டது. முன் சக்கரம் ஆள் உயரம் இருந்த பழைய வண்டி போய், இரண்டு சக்கரமும் ஒரே அளவுள்ள வண்டி வந்திருந்தது. காற்றடைத்த டயரும் வந்துவிட்டது. ஊருக்கு ஊர் பந்தயத் திடல்கள் எழுந்தன. மோட்டார் கார் பரவாத காலம். சைக்கிள் வீரர்களே மக்களின் கண்ணுக்கு நாயகர்கள்.

உயர்சக்கர வண்டிக் காலத்தில் பேர் வாங்கிய பந்தய வீரர் ஒருவர் இண்டியானாபொலிசில் இருந்தார். லூயிஸ் மங்கர் என்பது அவர் பெயர்; 'பேர்டி' என்று அழைப்பார்கள். பந்தயத்தை விட்டுவிட்டுச் சைக்கிள் தயாரித்து வந்தார். வெள்ளையரான அவர் டெய்லரை வீட்டு வேலைக்கு அமர்த்தினார். ஓட்டத்தைப் பார்த்ததும், இவன் வேலைக்காரனாக இருக்க வேண்டியவன் அல்ல என்று கண்டுகொண்டார். அன்றிலிருந்து அவரே டெய்லருக்குப் பயிற்சியாளர், வழிகாட்டி, தந்தை போல. எப்படிச் சாப்பிடுவது, எப்போது தூங்குவது, சீட்டில் எப்படி உட்காருவது, எந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். மதுவும் புகையும் கூடாது என்பது முதல் பாடம். அந்தப் பாடத்தை டெய்லர் கடைசி வரை மறக்கவில்லை.

1895ஆம் ஆண்டு ஜூன் மாதம் 75 மைல் சாலைப் பந்தயம் ஒன்று நடந்தது. டெய்லர் கலந்துகொள்வது முன்னதாகத் தெரிந்தால் மற்றவர்கள் தகராறு செய்வார்கள் என்று, பந்தயம் தொடங்கிய பிறகே அவரை ஓடவிட்டார்கள். பாதி வழியில் மற்ற வீரர்கள் அவரைக் கண்டு மிரட்டினார்கள். அந்த மிரட்டலே அவர் கால்களுக்கு வேகம் கொடுத்தது. மழையில் நனைந்தபடி கடைசி வரை ஓட்டி முடித்தவர் அவர் ஒருவரே.

ஒரு கறுப்புப் பையனை மங்கர் தூக்கி வைத்துக் கொண்டாடுவது உள்ளூர் வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. மங்கர் சிஷ்யனைக் கைவிடவில்லை, ஊரைக் கைவிட்டார். 1895ஆம் ஆண்டிலேயே டெய்லரை அழைத்துக்கொண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகருக்குப் போய்விட்டார். அங்கே உடற்பயிற்சிக் கூடத்தின் கதவு டெய்லருக்குத் திறந்தது. ஜார்ஜ் தெரு என்ற செங்குத்தான ஏற்றத்தில் மிதித்து மிதித்துக் கால்களை உரமாக்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு சொந்த ஊருக்கு வந்தபோது, அங்குள்ள பந்தயத் திடலில் தனியாக ஓட்டிக் காட்டினார். அந்தத் திடலின் ஒரு மைல் சாதனையை அவர் முறியடித்தார். பரிசு என்ன தெரியுமா? இனிமேல் இந்தத் திடலுக்குள் வரக்கூடாது என்ற தடை!

ஆறு நாள் பந்தயம்

1896ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் டெய்லர் தொழில்முறை வீரராக இறங்கினார். முதல் நாளே அரை மைல் பந்தயத்தில் வெற்றி. புதியவர் என்பதால் தொடக்கத்தில் அவருக்குச் சில கெஜ தூரம் சலுகை உண்டு. ஆனாலும் தோற்றவர்களில் ஒருவர் அமெரிக்கச் சாம்பியன் எடி பால்டு. பரிசு 200 டாலர். பணம் தாய்க்குப் போயிற்று.

அடுத்து ஆறு நாள் பந்தயம். மரப்பலகை போட்ட வளையத்தில் இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீரர்கள் தூக்கமில்லாமல் பிரமை பிடித்தவர்கள் போல் ஆவார்கள். குறுந்தூர வீரரான டெய்லருக்கு இது பொருந்தாத போட்டி. ஆனாலும் 18 வயதில் 1,732 மைல் ஓட்டி எட்டாம் இடம் பிடித்தார். நம் கணக்கில் ஏறக்குறைய 2,790 கிலோ மீட்டர்.

தலையால் ஜெயிக்கும் பந்தயம்

குறுந்தூர வேகப் பந்தயம் கால் பலத்தால் மட்டும் வெல்லக்கூடியது அல்ல. பந்தய வண்டிக்கு பிரேக் கிடையாது. பின் சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும்; காலை நிறுத்த முடியாது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அவர் முதுகை ஒட்டிப் பின்னால் வருகிறவருக்குக் காற்றின் தடை குறைவு, பலம் மிச்சமாகும். ஆகவே முன்னே போக யாருக்கும் விருப்பம் இராது. முதல் சுற்றுகளில் ஊர்வலம் போல் மெதுவாக உருட்டுவார்கள். ஒருவர் கண் ஒருவர் மேல் இருக்கும். கடைசி 200 கெஜத்தில் திடீரென்று பாய்வார்கள். ஒரு நொடி முந்தினாலும் தோல்வி. ஒரு நொடி பிந்தினாலும் தோல்வி.

டெய்லருக்கு எதிராக இந்த விளையாட்டின் நுணுக்கமே ஆயுதமாகிவிட்டது. வெள்ளை வீரர்கள் கூட்டாகச் சேர்ந்து, முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர், பின்னால் ஒருவர் என்று அவரை நடுவில் சிறை வைப்பார்கள். வேலியோரம் தள்ளி முழங்கையால் இடிப்பார்கள். யார் ஜெயித்தாலும் பரவாயில்லை, டெய்லர் ஜெயிக்கக் கூடாது என்பதே ஒப்பந்தம். பரிசைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. இதற்கு டெய்லர் கண்ட மருந்து இரண்டு. ஒன்று, ஒரு வண்டி நுழையும் அளவு இடைவெளி தெரிந்த கணமே அதில் பாய்ந்துவிடுவது. மற்றொன்று, ஆரம்பத்திலேயே முன்னால் போய் யாரையும் நெருங்கவிடாமல் இருப்பது. இரண்டாவது வழியில் காற்றை எல்லாம் அவரே தாங்க வேண்டும். தாங்கினார்.

கைப்பிடியை முன்னால் நீட்டி வைக்க ஒரு இரும்புத் துண்டைப் பொருத்தி, உடம்பைத் தாழ்த்தி, முதுகைத் தட்டையாக வைத்து ஓட்டும் முறையையும் அவர் கையாண்டார். அந்தப் பாகத்துக்கு அவர் பெயரே வழங்கிவந்தது.

கழுத்தில் விழுந்த கை

1897ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மாசசூசெட்சில் டான்டன் என்ற ஊரில் ஒரு பந்தயம். டெய்லரிடம் தோற்ற பெக்கர் என்ற வீரர், பந்தயம் முடிந்ததும் அவரை வண்டியிலிருந்து கீழே தள்ளிக் கழுத்தை நெரித்தார். போலீசார் வந்து விடுவிக்கும்போது டெய்லர் நினைவிழந்து கிடந்தார். நினைவு திரும்பக் கால் மணி நேரம் ஆயிற்று. கொலைக்குச் சமமான இந்தக் குற்றத்துக்குப் பெக்கர் பெற்ற தண்டனை 50 டாலர் அபராதம்!

அமெரிக்க சைக்கிள் சங்கம் 1894ஆம் ஆண்டிலேயே கறுப்பர்கள் உறுப்பினராக முடியாது என்று விதி செய்திருந்தது. பந்தயத்தில் ஓட மட்டும் அனுமதி. தென்மாநிலங்களில் அந்த அனுமதியும் செல்லாது. அங்கு நடக்கும் போட்டிகளுக்கு அவர் போக முடியாததால், அந்தப் போட்டிகளின் புள்ளிகள் எல்லாம் மற்றவர்களுக்கே போயின. 1898ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குளிருக்கு ஒதுங்கிப் பயிற்சி பெற ஜார்ஜியா மாநிலத்து சவானா நகருக்குப் போனார். 48 மணி நேரத்தில் ஊரை விட்டு ஓடாவிட்டால் நடப்பதே வேறு என்று மொட்டைக் கடிதம் வந்தது. திரும்பிவிட்டார்.

அந்தக் கோபத்தை எல்லாம் அவர் பெடலில் காட்டினார். அதே 1898ஆம் ஆண்டில் பல உலக சாதனைகள். மறு ஆண்டு மாண்ட்ரியாலில் உலக சாம்பியன் பட்டம். அங்கேயும் அரை மைல் போட்டியில் அவரே வென்றார் என்று கூட்டம் ஆரவாரம் செய்தபோது, நடுவர்கள் வேறொருவர் பெயரைச் சொன்னார்கள். ஒரு மைல் போட்டியில் அதற்கும் இடம் வைக்காமல் வென்றார். 1899ஆம் ஆண்டு நவம்பரில் சிகாகோவில், நீராவி வண்டி முன்னால் ஓட, அதன் பின்னால் ஒரு மைலை 1 நிமிடம் 20 நொடிக்குள் கடந்தார். மணிக்கு 72 கிலோ மீட்டருக்குக் குறையாத வேகம். மனிதக் கால் மிதித்து ஒரு பாசஞ்சர் ரயிலின் வேகம்!

பாரீஸ் கண்ட வீரர்

டெய்லர் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். தாய் சொல்லிக் கொடுத்தபடி, ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு உரியது. அன்று பந்தயத்தில் இறங்கமாட்டார். ஐரோப்பாவிலோ பெரிய பந்தயங்கள் நடப்பதே ஞாயிறன்றுதான். பிரான்சிலிருந்து பெரும் பணம் தருவதாக அழைப்பு வந்தும், இந்த ஒரு காரணத்துக்காக மறுத்தார். கடைசியில் பிரெஞ்சுக்காரர்களே இறங்கி வந்தார்கள். ஞாயிறு நீங்கலாக மற்ற நாட்களில் ஓடினால் போதும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். 1901ஆம் ஆண்டு அவர் கப்பல் ஏறினார்.

பிரான்சின் உலக சாம்பியன் எட்மண்ட் ஜாக்லின். அவரோடு பாரீசில் முதல் போட்டி மே 16, வியாழக்கிழமை. அது ஒரு கிறிஸ்தவத் திருநாள். அன்று கடும் குளிர். வெப்பம் இருந்தால்தான் டெய்லரின் கால்கள் இளகும். தோற்றுப்போனார். வெற்றி மிதப்பில் ஜாக்லின் மூக்கில் விரலை வைத்து ஏளனம் செய்தார். டெய்லருக்கு அது சுருக்கென்று தைத்தது.

மறு போட்டி மே 27, திங்கட்கிழமை. இந்த முறை வெயில் அடித்தது. புறப்படும் இடத்தில் டெய்லர் அமைதியாக ஜாக்லினுக்குக் கை கொடுத்தார். பிறகு இரண்டு ஓட்டத்திலும் அவரைத் தோற்கடித்தார். இடுப்பில் செருகியிருந்த சிறிய அமெரிக்கக் கொடியை எடுத்து வீசிக்கொண்டே திடலைச் சுற்றி வந்தார். எந்த நாடு அவரை ஓட்டலுக்குள் விடவில்லையோ, அந்த நாட்டின் கொடி!

டென்மார்க்கின் எல்லகார்டு உள்பட ஐரோப்பாவின் பெரிய வீரர்கள் பலர் அவரிடம் தோற்றார்கள். பாரீசில் நல்ல ஓட்டல்கள் வரவேற்றன. பத்திரிகைகள் அவர் நடை உடைகளைக்கூடப் பத்தி பத்தியாக எழுதின.

புகழும் சோர்வும்

1902ஆம் ஆண்டு மார்ச் மாதம் டெய்சி மாரிஸ் என்ற பெண்ணை மணந்தார். பின்னர் ஆஸ்திரேலியா சென்றார். அங்கும் பெரும் வரவேற்பு. 1904ஆம் ஆண்டு மே மாதம் சிட்னி நகரில் மகள் பிறந்தாள். ஊர் நினைவாக ரீட்டா சிட்னி என்று பெயரிட்டார்கள். ஆனால் அதே பயணத்தில் அமெரிக்க வீரர் பிளாய்டு மக்பார்லண்டும் அங்கே வந்து சேர்ந்தார். பழைய கூட்டுச்சதி ஆஸ்திரேலியத் திடல்களிலும் தொடங்கிற்று.

கைக்குழந்தையோடு சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினால், அங்கே சாப்பாட்டு விடுதிகள் இடம் இல்லை என்று கைவிரித்தன. டெய்லர் மனம் உடைந்தார். உடலும் தளர்ந்தது. சுமார் மூன்று ஆண்டுகள் பந்தயத்தை விட்டு ஒதுங்கியிருந்தார்.

1907ஆம் ஆண்டு மீண்டும் பிரான்சுக்குப் போனார். உடல் பெருத்திருந்தது. ஆரம்பத்தில் தோல்விகள். விடாமல் உழைத்து எடையைக் குறைத்து, 1908ஆம் ஆண்டு பாரீசில் மீண்டும் உலக சாதனை செய்தார். கடைசிக் கட்டத்தில், பணத் தேவை நெருக்க, ஞாயிற்றுக்கிழமையும் ஓட ஒப்புக்கொண்டார். அது அவர் உள்ளத்தை உறுத்திய முடிவு. 1910ஆம் ஆண்டு பந்தயத்திலிருந்து விடைபெற்றார்.

சரிந்த செல்வம்

வூஸ்டரில் வெள்ளையர் வசிக்கும் பகுதியில் அவர் வீடு வாங்கியபோது, அதைத் திரும்ப விலைக்கு வாங்கி அவரை வெளியேற்றிவிடப் பார்த்தார்கள் அக்கம்பக்கத்தார். அவர் அசையவில்லை. ஆனால் எதிரிகளால் முடியாததைக் காலம் செய்துவிட்டது.

பொறியியல் படிக்க விரும்பிக் கல்லூரிக்கு மனுப் போட்டார். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லை என்று மனு தள்ளப்பட்டது. மோட்டார் கார்களுக்குப் புதுவித டயர் செய்யும் தொழிலில் முதல் போட்டார். அது நட்டத்தில் முடிந்தது. நகைகள் போயின, வீடு போயிற்று. உடல் நலமும் குன்றிற்று.

1928ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதிச் சொந்தச் செலவில் அச்சிட்டார். பந்தய விவரங்களோடு, இளம் வீரர்களுக்கு ஒரு பயிற்சியாளர் சொல்வது போன்ற அறிவுரைகளும் அதில் உண்டு. ஒழுக்கமாக வாழுங்கள், நேர்மையாக விளையாடுங்கள், மதுவைத் தொடாதீர்கள் என்பதே அவற்றின் சாரம். தம்மை வதைத்தவர்களையும் அவர் அதில் வெறுப்போடு பேசவில்லை. மங்கர் தமக்குக் கற்றுக் கொடுத்ததை, முகம் தெரியாத கறுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போக நினைத்தார். ஆனால் அதை வாங்க ஆள் இல்லை. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கிப் பார்த்த மனிதர், புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

1930ஆம் ஆண்டு வாக்கில் மனைவியும் பிரிந்தார். டெய்லர் சிகாகோவுக்குப் போய் ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கினார். அங்கும் புத்தக விற்பனைதான். 1932ஆம் ஆண்டு ஜூன் 21ந் தேதி, குக் கவுண்டி ஆஸ்பத்திரியில், தர்ம நோயாளிகள் பிரிவில், 53 வயதில் காலமானார். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. மவுண்ட் கிளென்வுட் கல்லறையில், திக்கற்றவர்களைப் புதைக்கும் மூலையில், பெயர்ப் பலகைகூட இல்லாமல் அடக்கம் செய்தார்கள்.

தாமதமாக வந்த மரியாதை

16 ஆண்டுகள் கழிந்தன. பழைய சைக்கிள் பந்தய வீரர்கள் சிலருக்கு இந்தச் செய்தி எட்டியது. ஷ்வின் சைக்கிள் கம்பெனி அதிபர் பிராங்க் ஷ்வின் பணம் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு மே மாதம் உடலை எடுத்து, அதே கல்லறையில் நல்ல இடத்தில் மறு அடக்கம் செய்து, வெண்கலப் பட்டயம் பதித்தார்கள்.

எந்த ஊர்த் திடல் அவரை உள்ளே வராதே என்று தடுத்ததோ, அந்த இண்டியானாபொலிசில் 1982ஆம் ஆண்டு கட்டிய புதிய சைக்கிள் திடலுக்கு மேஜர் டெய்லர் என்றே பெயர் வைத்தார்கள். 2008ஆம் ஆண்டு வூஸ்டர் பொது நூலகத்தில் அவருக்குச் சிலை திறந்தார்கள். சிட்னியில் பிறந்த மகள் 100 வயதைத் தாண்டி வாழ்ந்தும், அந்தச் சிலையைப் பார்க்க இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

வூஸ்டரில் ஜார்ஜ் தெரு ஏற்றம் இன்றும் உண்டு. டெய்லர் நினைவாக அந்த ஏற்றத்தில் சைக்கிள் போட்டி நடத்துகிறார்கள். நிறம் பார்த்து யாரையும் நிறுத்துவதில்லை. மிதிக்கத் தெம்பு உள்ளவர் யாரும் ஏறலாம்.